கருமருந்துத் துப்பாக்கிக்கு எந்தக் குண்டு? கேள்வி பதில்

குழல் வாய் வழியாகக் கருமருந்து என்னும் பழைய வெடிமருந்தும் குண்டும் நிரப்பிச் சுடும் பழைய பாணித் துப்பாக்கிகளின் குண்டு வகைகள் பற்றி வந்த கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.

கேள்வி: என் துப்பாக்கி 0.50 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் 0.50 அங்குலம். கடையில் 0.490 அங்குல உருண்டைக் குண்டைக் கொடுத்திருக்கிறார்கள். அளவு மாறிவிட்டதா?

சரியாகத்தான் கொடுத்திருக்கிறார்கள். மரை (உட்சுவரில் சுருளாக ஓடும் பள்ளங்கள்) வெட்டிய குழலில் உருண்டைக் குண்டு குழல் சுவரைத் தொடவே கூடாது. அதைச் சுற்றியிருக்கும் துணிதான் தொட வேண்டும். 0.015 அங்குலத் தடிமனுள்ள துணி இரண்டு பக்கமும் சேர்ந்தால் 0.030. குண்டோடு கூட்டினால் 0.520. குழலைவிட இது பெரிது என்பதால் துணி நசுங்கி மரைப் பள்ளங்களுக்குள் இறங்குகிறது. குண்டைச் சுழற்றுவது அந்தப் பிடிப்புதான்.

நெருக்கமாக நெய்த பருத்தித் துணி மட்டும் போதும். செயற்கை இழை உருகிக் குழலில் ஒட்டும். சுட்ட பிறகு சில அடி தள்ளி விழுந்து கிடக்கும் துணியை எடுத்து விரித்துப் பாருங்கள். நடுவில் குண்டு உட்கார்ந்த இடம் கருத்து, ஓரம் பிசிறோடு முழுதாக இருந்தால் எல்லாம் சரி. நடுவில் எரிந்த ஓட்டை இருந்தால் துணியில் தடவிய மெழுகு போதவில்லை, அல்லது துணி மெலிசு. கத்தியால் கீறியதுபோல் வரிசையாகக் கிழிந்திருந்தால் குழல் வாயின் விளிம்போ மரையின் மேடோ கூர்மையாக இருக்கிறது என்று பொருள். இலக்குத் தாளைவிட அந்தத் துணி அதிகம் சொல்லும்.

கேள்வி: பிரிட்டிஷ் பிரவுன் பெஸ் மஸ்கட்டின் (மரையில்லாத நீள் துப்பாக்கி) குழல் 0.75 அங்குலம், குண்டோ 0.69. ஏன் இவ்வளவு இடைவெளி?

கருமருந்து எரிந்தால் பாதிக்கு மேல் திடக் கசடாகவே மிஞ்சும். பத்துப் பதினைந்து முறை சுட்டதும் குழல் சுருங்கினாற்போல் ஆகிவிடும். போர்க்களத்தில் சிப்பாய் தடையில்லாமல் நிரப்ப வேண்டும் என்பதற்காகக் குறிதவறாமையை விட்டுக்கொடுத்தார்கள். மருந்தையும் குண்டையும் பொதிந்த காகிதத் தோட்டாவின் தாளையும் குண்டோடு சேர்த்தே திணித்ததால் குண்டு உருண்டு வெளியே வராமல் நின்றது.

கேள்வி: மினியே குண்டு குழலைவிடச் சிறியதாம், ஆனால் மரையைப் பிடிக்குமாம். எப்படி, ஐயா?

அடிப்பகுதியில் இருக்கும் குழிவுதான் காரணம். அதற்கு முன்பு மரைக்குழல் துப்பாக்கியில் இறுக்கமான குண்டை வலிந்து திணிக்க வேண்டியிருந்தது; நேரம் பிடிக்கும். பிரெஞ்சு அதிகாரி கிளோட் எத்தியேன் மினியே 1840களின் இறுதியில் கொண்டுவந்த கூம்புக் குண்டின் அடிக்குழிவில் சிறிய இரும்புக் கிண்ணம் இருந்தது. வெடிக்கும்போது கிண்ணம் முன்னேறி ஈயத்தை விரிக்கும். பிறகு அமெரிக்காவின் ஹார்ப்பர்ஸ் ஃபெரி ஆயுதக் கூடத்தில் ஜேம்ஸ் பர்ட்டன் கிண்ணத்தையே நீக்கினார். வாயுவின் அழுத்தமே மெல்லிய அடிச்சுவரை விரித்துவிட்டது. அமெரிக்கப் படையின் 0.58 காலிபர் ஸ்ப்ரிங்ஃபீல்டு துப்பாக்கியில் சுமார் 500 கிரெயின் எடையுள்ள இந்தக் குண்டும் 60 கிரெயின் மருந்தும் போட்டார்கள். 15.4 கிரெயின் ஒரு கிராம்.

இன்று தவறு நடப்பது மூன்று இடங்களில். முதலாவது அளவு: குழலைவிட 0.001 முதல் 0.002 அங்குலம் வரை குறைவாக இருந்தால் போதும், அதற்கு மேல் குறைந்தால் அடி சரியாக விரியாது. இரண்டாவது கலப்பு ஈயம். மூன்றாவது மருந்தை ஏற்றிக்கொண்டே போவது. அடிச்சுவர் மணி வாய்போல் விரிந்து கிழிந்தால் குண்டு தள்ளாடிப் பறக்கும், தாளில் பக்கவாட்டு ஓட்டை விழும். மருந்தைக் குறையுங்கள், குண்டு நேராகும்.

கேள்வி: 1857 சிப்பாய்க் கிளர்ச்சியில் பிரச்சினையானது இந்தக் குண்டுதானே?

குண்டு அல்ல, அதைச் சுற்றிய தோட்டாவின் கொழுப்பு. 1853 மாதிரி என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் துப்பாக்கியின் காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் கொட்டி, கொழுப்புத் தடவிய தாளோடு குண்டைத் திணிக்க வேண்டும். பசு, பன்றிக் கொழுப்பு என்ற அச்சம் சிப்பாய்களிடம் பரவிய பிறகு கையால் கிழிக்கலாம் என்று பயிற்சி முறையை மாற்றினார்கள். அதற்குள் நம்பிக்கை போய்விட்டது.

கேள்வி: வண்டிச் சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்தும் எடைகளின் ஈயத்தை உருக்கிக் குண்டு வார்க்கலாமா?

மினியேவுக்கும் ரிவால்வருக்கும் வேண்டாம். அதில் ஆன்டிமனி கலந்திருக்கிறது, கடினம். நகத்தால் கீறினால் எளிதில் கோடு விழ வேண்டும், அதுவே மென்மையான ஈயம். உருகிய ஈயத்தில் ஒரு சொட்டு நீர் விழுந்தாலும் ஆவியாகிச் சட்டியையே வெடித்துச் சிதறச் செய்யும். அச்சும் கரண்டியும் உலர்ந்திருக்கட்டும். திறந்த வெளியில் வார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ரவை போடலாமா? பிளண்டர்பஸ் என்ற அகன்ற வாய்த் துப்பாக்கியில் ஆணி, கல் எல்லாம் போட்டார்களாமே?

ஆணியும் கல்லும் குழலைக் கீறிப் பாழாக்கும். அது அவசரத்துக்குச் செய்த வேலை. வழக்கமாகப் போட்டது ஈய ரவைதான். மரையில்லாத குழலில் மருந்து, தடித்த அட்டை, மெத்தென்ற வாட் (அடைப்புத் தக்கை), ரவை, மேலே மெல்லிய அட்டை என்று அடுக்குங்கள். மருந்தையும் ரவையையும் ஒரே அளவுக் கிண்ணத்தால் அளந்து தொடங்குவது நல்ல வழக்கம். ஆனால் துப்பாக்கியைச் செய்தவர் சொன்ன உச்ச அளவைத் தாண்டக் கூடாது. மரைக் குழலில் ரவை சுழன்று, நடுவில் ஒன்றுமில்லாத வளையமாகச் சிதறும்.

ஒரு பெரிய குண்டும் மூன்று சிறு குண்டும் சேர்த்த தோட்டாவை அமெரிக்கர்கள் 0.69 மஸ்கட்டில் விரும்பினார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1863 கெட்டிஸ்பர்க் சண்டையில் 12ஆம் நியூ ஜெர்சி படைப்பிரிவு அதைத்தான் சுட்டது.

கேள்வி: 0.44 ரிவால்வருக்கு 0.454 குண்டு ஏன்?

ரிவால்வரில் குண்டை நிரப்புவது சுழலும் உருளையின் அறைகளில். அறையைவிடக் குண்டு பெரிதாக இருந்தால் அழுத்தும்போது மெல்லிய ஈய வளையம் சீவி விழும். முழு வளையமாக விழுந்தால் அடைப்பு உறுதி. வளையம் விழவில்லையென்றால் பக்கத்து அறைக்குத் தீ தாவலாம். பின்பக்கக் கேப் (தீ மூட்டும் சிறு உலோக மூடி) தளர்ந்திருந்தாலும் அதே ஆபத்து.

கேள்வி: புகையில்லா மருந்தைக் கொஞ்சமாகப் போட்டால்?

ஒரு சிட்டிகைகூடக் கூடாது. அதன் அழுத்தத்தை இந்தக் குழல்கள் தாங்காது, கையில் வெடிக்கும்.

கேள்வி: குண்டு பாதியில் சிக்கிக்கொண்டது. சுட்டே வெளியேற்றலாமா?

வேண்டாம். மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே காற்று இருந்தால் குழல் அந்த இடத்தில் உப்பும் அல்லது பிளக்கும். கேப்பைக் கழற்றுங்கள், தீக்கல் துப்பாக்கி என்றால் தீப்பொறி விழும் வெளிக் கிண்ணத்தின் மருந்தைத் துடையுங்கள். தீத்துளை வழியாக நீர் விட்டு உள் மருந்தை நனைத்த பிறகு, இடிகோல் (குண்டைத் திணிக்கும் கம்பி) முனையில் திருகு மாட்டிக் குண்டை இழுங்கள். உடம்பின் எந்தப் பகுதியும் குழல் வாய்க்கு முன்னே வரக் கூடாது.

இனி வராமலிருக்க, குண்டு மருந்தின் மேல் சரியாக உட்கார்ந்ததும் குழல் வாய்க்கு நேராக இடிகோலில் ஒரு கோடு போடுங்கள். வெறும் குழலில் இன்னொரு கோடு. மருந்து அளவையோ குண்டையோ மாற்றினால் முதல் கோட்டையும் மாற்ற வேண்டும். முதல் கோடு வாய்க்கு மேலே நின்றால் அன்றைக்குக் கசடு ஏறிவிட்டது, துடைத்துவிட்டுத் தொடருங்கள்.