தப்பி ஓடும் துகளுக்கு ஒரு துளை

கேள்வி: அணுக்கருக்களை இணைத்து ஆற்றல் எடுக்கும் இணைவு உலையில், பிளாஸ்மா என்னும் மின்னூட்டம் பெற்ற கொதிக்கும் வாயு சுவரைத் தொடாமல் காந்தப்புலம் தாங்கிக்கொள்கிறது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். பிறகு எப்படி வேகத் துகள்கள் தப்புகின்றன? தப்பியதை எப்படி அறிகிறார்கள்?

பதில்: தாங்குகிறது என்றேன், முழுசாகத் தாங்குகிறது என்றேனா?

ஹைட்ரஜனின் கனமான வகைகளான டியூட்டீரியமும் டிரிட்டியமும் இணைந்தால் 14.1 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் ஒரு நியூட்ரானும், 3.5 மெகா எலக்ட்ரான் வோல்ட்டுடன் ஓர் ஆல்ஃபா துகளும் (ஹீலியம் அணுக்கரு) பிறக்கின்றன. நியூட்ரானுக்கு மின்னூட்டம் இல்லை, அது வெளியே போகவேண்டியதுதான். ஆல்ஃபா உள்ளேயே சுற்றித் தன் சூட்டைப் பிளாஸ்மாவுக்குக் கொடுக்கவேண்டும். விநாடிக்குச் சுமார் 13,000 கிலோமீட்டர் வேகத்தில் பிறக்கிற அது, ஓய்வதற்குள் வளைய வடிவ உலையைக் கணக்கில்லாத தடவை சுற்றுகிறது. அத்தனை சுற்றில் சின்னக் கோணல்கூட வினையாகிவிடும்.

பிரான்சில் கட்டப்படும் ஈட்டர் உலையில் வளையத்தைச் சுற்றி 18 காந்தச் சுருள்கள். இரு சுருள்களுக்கு இடையே புலம் சற்றுத் தளரும்; துகள் நழுவ அது ஒரு வழி. இன்னொரு வழி, பிளாஸ்மாவில் காந்தப்புலக் கோடுகள் தந்திபோல் அதிர்வதால் எழும் ஆல்வென் அலைகள். வேடிக்கை என்னவென்றால், அந்த அலையைக் கிளப்பிவிடுவதே வேகத் துகள்கள்தான். கிளம்பிய அலை அவற்றையே வெளியே தள்ளுகிறது!

பிடிக்கும் கருவி எளிமையானது, எனக்கு மிகவும் பிடித்ததும்கூட. சுவரோரம் ஒரு சிறு பெட்டி, அதில் ஒரு துளை, உள்ளே துகள் பட்டால் ஒளிரும் தகடு. காந்தப்புலத்தில் துகள் சுருண்டுதான் போகும். ஆற்றல் கூடினால் சுருளும் பெரிதாகும். ஈட்டரின் 5.3 டெஸ்லா புலத்தில் ஆல்ஃபாவின் சுருள் ஆரம் 5 சென்டிமீட்டர் வரை வரும். ஆகவே தகட்டில் ஒளிப்புள்ளி விழுந்த இடமே துகளின் ஆற்றலையும், அது வந்த சாய்வையும் சொல்லிவிடும். கேமரா படம் எடுக்க, ஒளிப்பெருக்கிக் குழாய் வேகமான துடிப்புகளைப் பதிகிறது. துடிப்பின் அதிர்வெண் ஆல்வென் அலையின் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் ஆள் அகப்பட்டான். ஜெர்மனியின் ஆஸ்டெக்ஸ் அப்கிரேடு, அமெரிக்காவின் டிஐஐஐ-டி ஆகிய ஆய்வு உலைகளில் இப்படித்தான் வேவு பார்க்கிறார்கள்.

ஆனால் துளை இருப்பது ஓரிடத்தில். அங்கே இருட்டாக இருந்தால் வேறெங்கும் இழப்பில்லை என்று சொல்லமுடியுமா? அதற்குத்தான் கணினி மாதிரி. பின்லாந்தில் வளர்ந்த அஸ்காட் போன்ற நிரல்கள் ஏராளமான மாதிரித் துகள்களை விட்டு, ஒவ்வொன்றின் பாதையையும் சுவர்வரை தொடர்கின்றன. அவற்றில் துளைக்குள் விழுபவை மிகமிகக் குறைவு. அதனால் சிலர் தலைகீழாக, துளையிலிருந்து காலத்தைப் பின்னோக்கி ஓட்டித் துகளின் பிறப்பிடத்தைத் தேடுகிறார்கள். இந்தக் கணக்குகளின் முடிவாக வரும் வண்ணப் படம் எதைக் காட்டினாலும் நான் முதலில் தேடுவது, துளையும் பெட்டியும் கணக்கில் சேர்ந்திருக்கின்றனவா என்பதைத்தான். சேரவில்லையென்றால் அளவீட்டோடு ஒப்பிட அதற்குத் தகுதியில்லை.

கேள்வி: கொஞ்சம் தப்பினால் என்ன குடி முழுகிவிடும்?

பதில்: ஈட்டரின் இலக்கு 500 மெகாவாட் இணைவுத் திறன். அதில் ஆல்ஃபாவின் பங்கு 100. நூற்றில் ஒன்று தப்பினாலே 1 மெகாவாட். சுவர் முழுக்கப் பரவினால் கவலையில்லை; ஆனால் தப்பியவை பரவலாக விழுவதில்லை, சில இடங்களில் குவிகின்றன. சுவர் ஓடுகளின் விளிம்பு வரை மாதிரியில் வரைவது அதனால்தான்.