மாற்றுத்திறனாளித் துணையுடன் வெளிநாடு: எந்த விசா பொருந்தும்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பதிவு பெற்ற செவிலியர். விபத்தில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட என் கணவர் சக்கர நாற்காலியைப் பயன்படுத்துகிறார். காலையில் எழுந்து அமரவும் குளிக்கவும் மட்டும் அவருக்கு ஒருவர் உதவ வேண்டும். மற்றபடி வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் வேலை செய்து சம்பாதிக்கிறார். பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் எனக்கு வேலைவாய்ப்பு இருக்கிறது. நாங்கள் அணுகிய விசா ஆலோசகர், கணவரின் உடல்நிலையைப் படிவத்தில் காட்ட வேண்டாம் என்கிறார். இல்லையென்றால் நான் மட்டும் முதலில் போய்விட்டு, பிறகு அவரை அழைத்துக்கொள்ளலாம் என்கிறார். நாங்கள் எந்த விசாவைத் தேர்ந்தெடுப்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி, உங்கள் ஆலோசகர் சொன்ன இரண்டு வழிகளையும் முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். உடல்நிலையை மறைப்பது தவறான தகவல் அளித்ததாகவே கொள்ளப்படும். அது கண்டுபிடிக்கப்பட்டால் கனடாவில் 5 ஆண்டுகளும், ஆஸ்திரேலியாவில் பொதுவாக 3 ஆண்டுகளும், பிரிட்டனில் 10 ஆண்டுகள் வரையும் விண்ணப்பிக்க முடியாத தடை வரலாம். கணவரின் உடல்நிலைக்காக வரும் மறுப்பை எதிர்த்து வாதாட இடமுண்டு. மறைத்ததற்காக வரும் மறுப்பில் அந்த வாய்ப்பு மிகவும் குறுகிவிடுகிறது.

தனியாக முன்னே செல்வதும் நினைப்பது போல எளிதன்று. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் நிரந்தரக் குடியேற்றத்துக்கு விண்ணப்பிக்கும்போது, உடன் வராத கணவரும் பொதுவாக மருத்துவப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும். கனடா விண்ணப்பத்தில் அவரைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டால், பிற்பாடு குடும்பப் பிரிவில் அவரை ஸ்பான்சர் செய்யும் உரிமையையே நீங்கள் இழக்க நேரலாம்.

உங்களைப் போன்றவர்கள் வழக்கமாகக் கேட்பது, எந்த நாட்டில் விசா விரைவாகக் கிடைக்கும் என்பதைத்தான். நீங்கள் கேட்க வேண்டியது வேறு: உங்கள் கணவரின் பராமரிப்புச் செலவை அந்த விசா கணக்குப் பார்க்கிறதா, பார்த்தால் எதையெல்லாம் கணக்கில் சேர்க்கிறது, வரம்பு மீறினால் விலக்குக் கோர இடமுண்டா? ஒரே நாட்டுக்குள்ளேயே ஒரு விசாவுக்கும் இன்னொரு விசாவுக்கும் இதில் பெரிய வேறுபாடு இருக்கிறது.

மூன்று நாடுகளில் உங்களுக்கு மிகவும் பொருந்துவது பிரிட்டன் என்பது என் கருத்து. அங்கே குடும்பத்தினரின் எதிர்கால மருத்துவச் செலவை ஒரு தொகையோடு ஒப்பிட்டு விசாவை மறுக்கும் விதி இல்லை. பட்டியலிடப்பட்ட நாடுகளிலிருந்து வருபவர்களுக்குக் காசநோய்ப் பரிசோதனை மட்டும் உண்டு. செவிலியர்களுக்கு உரிய 'ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர்' விசாவில் கணவரை உடன் அழைத்துச் செல்லலாம். அவர் அங்கே வேலையும் பார்க்கலாம். மற்ற விசாக்களில் வயது வந்த ஒருவருக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு வீதம் வசூலிக்கப்படும் குடியேற்றச் சுகாதாரக் கட்டணம் இந்த விசாவில் உங்கள் இருவருக்குமே கிடையாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். முதியோர் இல்லங்களில் பராமரிப்பாளராகச் செல்பவர்களுக்கும் இதே பெயருள்ள விசாதான் வழங்கப்பட்டது; அவர்கள் புதிதாகக் குடும்பத்தை அழைத்து வருவது 2024 மார்ச் 11 முதல் நிறுத்தப்பட்டது. உங்கள் பணி ஆணையில் இருப்பது செவிலியர் பணிதானா என்பதைக் கையெழுத்திடுவதற்கு முன் பாருங்கள்.

பிரிட்டனில் இருக்கும் குறையையும் சொல்லியாக வேண்டும். நிரந்தரமாகத் தங்கும் உரிமை கிடைக்கும் வரை, மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு உதவித்தொகையை உங்கள் கணவர் பெற முடியாது. தேசிய சுகாதாரச் சேவையில் சிகிச்சை பெறலாம். ஆனால் காலையில் அவருக்கு உதவ வரும் ஆளின் சம்பளத்தை உங்கள் வருமானத்திலிருந்தே கொடுக்க வேண்டியிருக்கும் என்று வைத்துக்கொண்டு வரவு செலவைப் போட்டுப் பாருங்கள். வாடகைக்கும் உங்கள் பணிநேரத்துக்கும் அது ஒத்துவருமா என்பதை இப்போதே தெரிந்துகொள்வது நல்லது.

கனடா செலவைக் கணக்குப் பார்க்கும் நாடு. அரசின் மருத்துவ, சமூகச் சேவைகளுக்கு அளவுக்கு மீறிய சுமை வரும் என்று கருதினால் விண்ணப்பத்தை மறுக்க அங்கே சட்டம் இடம் தருகிறது. ஆயினும் 2018-இல் அந்த வரம்பு மூன்று மடங்காக உயர்த்தப்பட்டது. 2025-ஆம் ஆண்டுக்கான தொகை ஆண்டுக்கு 27,162 கனடிய டாலர். உங்களைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமானது, சிறப்புக் கல்வி, மறுவாழ்வுப் பயிற்சி, வீட்டில் அன்றாடத் தேவைகளுக்கு அளிக்கப்படும் தனிநபர் உதவி ஆகியவை அந்தக் கணக்கிலிருந்தே நீக்கப்பட்டதுதான். ஆகவே குளிப்பதற்கு உதவி தேவை என்பதற்காக மட்டும் உங்கள் கணவர் வரம்பைத் தாண்ட மாட்டார்; விலையுயர்ந்த மருந்துகள், டயாலிசிஸ், அடிக்கடி மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை போன்றவையே பெரிதும் எண்ணிப் பார்க்கப்படும்.

அதிகாரிக்கு ஐயம் எழுந்தால் உடனே மறுத்துவிட மாட்டார். காரணத்தை விளக்கி ஒரு கடிதம் அனுப்புவார், பதிலளிக்கப் பொதுவாக 90 நாள் அவகாசம் தரப்படும். செலவை எப்படிச் சமாளிப்பீர்கள் என்ற திட்டத்தை அதில் நீங்கள் எழுதலாம். நோயின் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, சமூகச் சேவைகளைப் பொறுத்தவரை அந்தக் குடும்பத்தின் வசதியையும் செலவை ஏற்கும் விருப்பத்தையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று கனடிய உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்திருக்கிறது.

ஆஸ்திரேலியாவில் இந்த வாதம் எடுபடாது என்பது பலருக்குத் தெரிவதில்லை. அங்கே மருத்துவ அதிகாரி உங்கள் கணவரை ஒரு தனிமனிதராக எடுத்துக்கொள்வதில்லை. அதே பாதிப்பு, அதே கடுமையோடு உள்ள ஒரு கற்பனை மனிதருக்கு அரசுக்கு எவ்வளவு செலவாகும் என்று மதிப்பிடுகிறார். நாங்களே செலவு செய்துகொள்கிறோம், அரசு உதவியைக் கேட்கவே மாட்டோம் என்று நீங்கள் எழுதிக் கொடுத்தாலும் அந்த மதிப்பீடு குறையாது. மாற்றுத்திறனாளி உதவித்தொகையும் செலவாகச் சேர்க்கப்படலாம். 2024 ஜூலை முதல் வரம்பு 86,000 ஆஸ்திரேலிய டாலர்; கனடாவைப் போல ஓர் ஆண்டுக்கு அல்ல, மதிப்பிடும் மொத்தக் காலத்துக்கும் சேர்த்து. குடும்பத்தில் ஒருவர் மருத்துவ நிபந்தனையைப் பூர்த்தி செய்யவில்லை என்றால் எல்லோருடைய விண்ணப்பமும் தள்ளுபடியாகும். உடற்குறையின் பெயரால் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் அந்நாட்டுச் சட்டம் 1992-இல் வந்தபோதே குடியேற்றச் சட்டத்துக்கு அதில் விலக்கு அளித்துவிட்டார்கள். 2008-இல் ஹார்ஷம் என்ற சிற்றூரில் பணியாற்றிய ஜெர்மானிய மருத்துவர் ஒருவருக்கு, மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் இருந்த காரணத்தால் நிரந்தர வதிவிடம் மறுக்கப்பட்டது. ஊர் மக்களின் எதிர்ப்புக்குப் பிறகு அமைச்சர் தலையிட்டே அதை மாற்றினார். ஊருக்குத் தேவைப்பட்ட ஒரு மருத்துவரின் குடும்பத்தையே இப்படி அலைக்கழித்த விதி அது என்பதை நினைக்க எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அப்படியும் ஆஸ்திரேலியாதான் வேண்டும் என்றால், வயது, கல்வி, அனுபவம் போன்றவற்றுக்குத் தரும் புள்ளிகள் அடிப்படையிலான 189, 190 விசாக்களைத் தவிர்த்துவிடுங்கள். உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு அவற்றில் விலக்குக் கோர வழியில்லை. பணி வழங்குபவர் ஸ்பான்சர் செய்யும் 482 விசாவில் விலக்குக் கோரலாம். அது தற்காலிக விசா என்பதால், தங்கப்போகும் காலத்துக்கான செலவு மட்டுமே மதிப்பிடப்படும்.

எந்த நாட்டுக்கு விண்ணப்பித்தாலும் மருத்துவரிடம் வாங்கும் சான்றிதழில் கவனம் வையுங்கள். "கீழ்முடக்கம், பிறர் உதவி தேவை" என்று ஒரே வரியில் எழுதிய சான்றிதழைப் படிக்கும் அதிகாரி மிக மோசமான நிலையைத்தான் ஊகிப்பார். நாளுக்கு எத்தனை மணி நேரம் உதவி தேவை, படுக்கையிலிருந்து நாற்காலிக்கு அவரே மாறுகிறாரா, சிறுநீர்க் குழாயைத் தாமே பொருத்திக்கொள்கிறாரா, கடந்த ஐந்து ஆண்டுகளில் படுக்கைப்புண்ணோ சிறுநீர்த் தொற்றோ வந்து மருத்துவமனையில் சேர்ந்தாரா, என்ன மருந்து எந்த அளவில் எடுக்கிறார், சக்கர நாற்காலி எத்தனை ஆண்டுக்கு ஒருமுறை மாற்றப்படுகிறது என்பனவெல்லாம் அதில் இருக்கட்டும். அவருடைய வருமானச் சான்றையும் இணையுங்கள்.

கேள்வி: நானும் என் துணையும் திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்கிறோம். அவருக்குப் பார்வை இல்லை. துணை என்ற முறையில் அவரை அழைத்துச் செல்ல முடியுமா? மொழித் தேர்வை எப்படி எழுதுவது?
– ஒரு வாசகர்

பதில்: பல நாடுகளில் முடியும். கனடாவில் தொடர்ந்து 12 மாதங்கள் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவிலும் பொதுவாக 12 மாத உறவு கேட்கப்படுகிறது. பிரிட்டனில் 2 ஆண்டுகளாகத் திருமணத்துக்கு ஒப்பான உறவு இருக்க வேண்டும். இருவர் பெயரிலும் உள்ள வாடகை ஒப்பந்தம், கூட்டு வங்கிக் கணக்கு, ஒரே முகவரிக்கு வந்த கடிதங்கள் ஆகியவற்றைத் தேதி வாரியாகச் சேர்த்து வையுங்கள். இத்தகைய ஆவணங்கள் பார்வையற்ற துணையின் பெயர் இல்லாமல் உங்கள் பெயரில் மட்டுமே இருக்கக்கூடும் என்பதால் இதை இன்றே தொடங்குவது நல்லது.

ஆங்கிலத் திறனைச் சோதிக்கும் ஐஇஎல்டிஎஸ் தேர்வைப் பிரெய்லியிலும் பெரிய எழுத்திலும் எழுத வசதி உண்டு. வினாத்தாள் தயாரிக்க நேரம் ஆகுமாதலால் முன்கூட்டியே தேர்வு மையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தேர்வெழுதவே இயலாத உடல்நிலை இருந்தால், பிரிட்டனில் துணைக்கான விசாவுக்கும், ஜெர்மனியில் வாழ்க்கைத்துணைக்குக் கேட்கப்படும் அடிப்படை ஜெர்மன் மொழித் தகுதிக்கும் மருத்துவச் சான்றின் பேரில் விலக்குக் கோரலாம். ஆனால் ஜெர்மன் விதி திருமணமானவர்களுக்கும் சட்டப்படி பதிவு செய்த இணையர்களுக்கும் உரியது. அங்கே செல்ல நினைத்தால், விண்ணப்பிக்கும் முன் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளுங்கள்.