கியர் ஆயில் கூலர் கேட்ட தம்பிக்கு

தம்பி, ஷார்ஜா வந்து ஏழு மாசம்தான் ஆகுதுன்னு எழுதியிருக்கீங்க. லைசென்ஸ் எடுத்த கையோட ஆறு சிலிண்டர் ஆட்டோமேட்டிக் வண்டி, அமெரிக்கன் ஸ்பெக் (அமெரிக்காவுல விக்கறதுக்குச் செஞ்சது), சல்லிசா கிடைச்சுதுன்னு வாங்கிட்டீங்க. இப்போ கராஜ்காரர் 900 திர்ஹம் குடுத்தா வெளியில தனியா ஒரு கியர் ஆயில் கூலர் மாட்டித் தர்றேங்கறார். மாட்டலாமா, எந்தக் கம்பெனி நல்லது, குளிர்காலம் வந்ததும் லிவா பாலைவன மணல்ல ஏத்தணும்னு கேக்கறீங்க. கூடவே பிள்ளைக்கு எந்த ஸ்கூல், வீடு ஷார்ஜாவிலயே இருக்கட்டுமா அஜ்மான் போகட்டுமான்னும் கேட்டிருக்கீங்க. ஸ்கூலையும் வீட்டையும் பத்திச் சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்ல. நான் வண்டிக்கு மட்டும் வர்றேன்.

மலையாளி விசாரிச்சுட்டு வாங்குவான், நம்ம ஆள் வாங்கிட்டு விசாரிப்பான்னு இங்க ஒரு பேச்சு உண்டு. கோவிச்சுக்காதீங்க, நானும் அப்படி வாங்கினவன்தான்.

நான் 1998ல ஏசி மெக்கானிக்கா வந்தவன், ஊர் ஒரத்தநாட்டுப் பக்கம். சூட்டை ஒரு இடத்துலேர்ந்து எடுத்து இன்னொரு இடத்துல கொட்டறதுதான் இத்தனை வருஷமா எனக்குச் சோறு போடுற தொழில். அதனால கூலர்னு யார் வாயத் திறந்தாலும் நான் கேக்கற முதல் கேள்வி ஒண்ணுதான்: சூடு எங்கேர்ந்து வருது, இப்போ எந்த வழியா வெளியில போகுது? இதுக்குப் பதில் தெரியாம 900 திர்ஹத்த எண்ணி வைக்காதீங்க.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்ல சூட்டோட பெரும்பங்கு இஞ்சினையும் கியரையும் சேர்க்கற டார்க் கன்வெர்ட்டர்லேர்ந்து வருது. ரெண்டு டேபிள் ஃபேனை எதிரெதிரே வச்சு ஒண்ணை மட்டும் ஓட விட்டா, அந்தக் காத்துல இன்னொண்ணும் சுத்துமில்லையா, அதே கதைதான். காத்துக்குப் பதில் உள்ளே ஆயில். இஞ்சின் பக்கத்து ஃபேன் வேகமா சுத்தி, கியர் பக்கத்து ஃபேன் மெதுவா சுத்தினா, நடுவுல வழுக்கற அவ்வளவும் சூடாகி ஆயில்ல இறங்குது. ஹைவேல நூறுல சீராப் போனா கன்வெர்ட்டர் லாக் ஆகிடும், வழுக்கல் இல்ல, சூடும் கம்மி. மணல்ல டயர் புதைஞ்சு, நீங்க ஆக்சிலேட்டரை அழுத்தறீங்க, வண்டி நகரல. அப்போ இஞ்சின் குடுக்கற சக்தி எங்க போகும்? ஆயிலுக்குத்தான். மலை ஏத்தத்துல அஞ்சு பேரும் சாமானுமா ஏறும்போதும் அதுதான் நடக்குது.

அந்தச் சூட்டை வாங்கிக்க கம்பெனியே ஒரு கூலர் வச்சிருக்கு. ரேடியேட்டரோட டேங்குக்குள்ள ஒளிஞ்சு கிடக்கும், வெளியில ரெண்டு பைப் மட்டும் தெரியும். 90 டிகிரில கொதிக்கற மாதிரி இருக்கற கூலன்ட் எப்படி ஆயிலை ஆத்தும்னு சில பேர் சிரிப்பாங்க. 120ல வர்ற ஆயிலுக்கு 90 குளிர்ச்சிதான் தம்பி. அந்தக் கூலர் சரியா வேலை செஞ்சு, நீங்க அல் இத்திஹாத் ரோட்ல ஊர்ந்து துபாய் போய்ட்டு வர்ற ஆளா மட்டும் இருந்தா, வெளிக்கூலர் உங்களுக்குத் தேவையே இல்ல. மணலும் மலையும் உண்டுன்னா மாட்டலாம், தப்பில்ல. ஆனா அது ரெண்டாவது வேலை.

முதல் வேலை, உங்க வண்டியோட ஜாதகம். அமெரிக்கன் ஸ்பெக்னு இங்க விக்கற வண்டில பாதிக்கு மேல அங்க ஆக்ஸிடென்ட் ஆகி ஏலத்துல எடுத்ததுதான்னு என் அனுபவம். வின் நம்பரை (வண்டியோட அடையாள எண்) வச்சு வண்டியோட ஹிஸ்டரி எடுங்க, பழைய ஏல ஃபோட்டோகூட சில சமயம் சிக்கும். முன்பக்கம் அடி வாங்கின வண்டின்னா ரேடியேட்டரை மாத்தியிருப்பாங்க. மாத்தினது எந்தத் தரம்னு வித்தவன் சொல்ல மாட்டான். ஜிசிசி ஸ்பெக்னா, அதாவது வளைகுடா நாடுகளுக்குன்னு செஞ்ச வண்டின்னா, இந்த ஊர் வெயிலுக்குன்னே கூலிங் பலமாப் போட்டு வர்ற மாடல் நிறைய. சிலதுல தனி ஆயில் கூலரே கம்பெனிலேர்ந்து இருக்கும். மிச்சிகன் மாதிரி ஊர்க் குளிருக்குச் செஞ்ச வண்டி அப்படி இருக்கும்னு எதிர்பார்க்க முடியாது. இன்னொண்ணு, மீட்டர்ல ஒரு லட்சம்னு பார்த்துட்டு கம்மியா ஓடின வண்டின்னு சந்தோஷப்பட்டீங்களா? அது மைல். 1,60,000 கிலோமீட்டர்.

இங்க வெளியில வேலை பார்க்கறவனுக்கு ஜூன் 15லேர்ந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12.30லேர்ந்து 3 மணி வரை ஓய்வு குடுக்கணும்னு சட்டமே இருக்கு. வண்டிக்கு அந்தச் சட்டம் கிடையாது.

அடுத்து ஏசி கண்டென்ஸருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவுல டார்ச் அடிச்சுப் பாருங்க. மணலும் பஞ்சும் அடைச்சு கம்பளி போத்தின மாதிரி இருக்கும். அதைக் கழுவாம முன்னாடி இன்னொரு கூலரை நிறுத்தினா, போற காத்தையும் மறைச்ச மாதிரிதான். கூலன்ட் கலர்ல இருக்கா, முன்னாடி ஓனர் வெறும் குழாய்த் தண்ணி ஊத்தி வச்சிருக்காரான்னும் பாருங்க. ஃபேன் ஒழுங்கா இழுக்குதா? இதெல்லாம் பத்து ரூபா வேலை, யாரும் செய்ய மாட்டாங்க. கூலர்னா வாங்கி மாட்டி ஃபோட்டோ எடுக்கலாம்.

கியர் ஆயிலை ஒரு சொட்டு வெள்ளை டிஷ்யூல விடுங்க. செவப்பா தெளிஞ்சு பரவினா நல்லது. காபி கலர்ல கருகின வாடை அடிச்சா உள்ளே கிளட்ச் தேயுதுன்னு அர்த்தம். ரோஸ் மில்க் மாதிரி இருந்தா வண்டியை அங்கேயே நிறுத்துங்க. ரேடியேட்டருக்குள்ள கூலர் ஓட்டையாகி கூலன்ட் கலந்துடுச்சு, கிளட்ச் பிளேட்ல ஒட்டின லைனிங் உரிஞ்சு வந்துடும். "லைஃப்டைம் ஆயில், மாத்தவே வேணாம்"னு யாராவது சொன்னா யாரோட லைஃப்டைம்னு கேளுங்க. இந்த வெயில்ல நான் 50,000 கிலோமீட்டருக்கு ஒருக்கா மாத்தறேன். ஒரு தடவை இறக்கினா பாதிகூட வராது, மீதி கன்வெர்ட்டர்ல நிக்கும். அதனால கொஞ்சம் ஓட்டிட்டு மறுபடியும் இறக்கி ஊத்தணும். அப்புறம் ஸ்டீயரிங்குக்கு அடியில இருக்கற ஓபிடி சாக்கெட்ல சொருகற ப்ளூடூத் ஸ்கேனர் ஒண்ணு வாங்குங்க. நிறைய வண்டில கியர் ஆயில் டெம்பரேச்சர் ஃபோன்லயே தெரியும். ஒரு வாரம் ஓட்டிப் பாருங்க. 90, 95ல நின்னா நிம்மதியாத் தூங்குங்க. 120ஐத் தாண்டித் தாண்டிப் போனா அப்போ கூலர் பேச்சை எடுக்கலாம்.

கம்பெனிப் பேர் கேட்டீங்க. பேரைவிட அமைப்பு முக்கியம்: தகடு தகடா அடுக்கின மாடலா பாருங்க, பாம்பு மாதிரி வளைஞ்ச குழாய் மாடலைவிட அது சின்ன இடத்துல நிறைய சூட்டை வெளியேத்தும். ஆயில் சூடாகற வரைக்கும் அதைக் கூலருக்குள்ள சுத்த விடாத தெர்மோஸ்டாட் பைபாஸ் உள்ளே இருந்தா இன்னும் நல்லது. ஆயில் முதல்ல ரேடியேட்டருக்குள்ள போயிட்டு, அப்புறம் வெளிக்கூலருக்கு வந்து, அங்கேர்ந்து கியர்பாக்ஸுக்குத் திரும்பணும். ஹோஸ் கியர் ஆயிலுக்கானதுதானான்னு கண்ணால பாருங்க. பெட்ரோல் ஹோஸை மாட்டிட்டு "மாஃபி முஷ்கில்" (ஒரு பிரச்னையும் இல்ல)னு சொல்ற ஆள் உண்டு. அந்த ஹோஸ் நடுரோட்ல கழண்டா மொத்த ஆயிலும் சில நிமிஷத்துல காலி, கியர்பாக்ஸும் காலி. முக்கியமா, கண்டென்ஸர் வழியா பிளாஸ்டிக் டை குத்தி இழுத்துக் கட்ட விடாதீங்க. வண்டி ஆட ஆட உரசி கண்டென்ஸர் ஓட்டையாகும், அப்புறம் என்னை மாதிரி ஆள்கிட்ட கேஸ் போயிடுச்சுன்னு வந்து நிப்பீங்க. அப்படி வந்த வண்டி எத்தனைன்னு எண்ணி வச்சிருந்தா ஒரு நோட்டு நிறைஞ்சிருக்கும். ப்ராக்கெட் போட்டு நிறுத்தச் சொல்லுங்க. உங்களது சிவிடின்னா (பல்சக்கர கியருக்குப் பதில் பெல்ட்ல ஓடற வகை) இதுல எதையும் அப்படியே எடுத்துக்காதீங்க, அதோட ஆயிலே வேற.

மணல்ல ஆயில் சூட்டைக் குறைக்கற மலிவான வழி டயர் காத்துதான். 15 பிஎஸ்ஐக்கு இறக்கிட்டா டயர் பரந்து மேலோட மிதக்கும், இஞ்சின் மல்லுக்கட்ட வேண்டியதில்ல. லோ ரேஞ்ச் (ஃபோர் வீல் வண்டில மெதுவா, பலமா இழுக்கற கியர்) இருந்தா போட்டுக்கங்க. டெம்பரேச்சர் ஏறினா இஞ்சினை அணைக்காம நியூட்ரல்ல விட்டு நில்லுங்க, ஆயில் சுத்தி ஆறும். வந்து ஆறாம் மாசம் எஸ்யூவி, ஏழாம் மாசம் மணல்மேட்டு மேல நின்னு ஃபோட்டோன்னு ஒரு கூட்டம் இருக்கு. கயிறு கட்டி அவங்க வண்டியை இழுத்ததை மட்டும் போட மாட்டாங்க.

இவ்வளவு நீட்டிச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நான் லைசென்ஸ் வாங்கினது 2002ல, ஆறாவது டெஸ்ட்ல. அஞ்சு தடவை ஃபெயில் ஆன வெறில அடுத்த வருஷமே ஷார்ஜா அபு ஷகாராவுல ஒரு அமெரிக்கன் வண்டி எடுத்தேன். ரோலா பக்கம் ஒரு ரூம்ல எட்டு பேர் பெட் ஸ்பேஸ்ல இருந்தோம். வண்டி வச்சிருந்தது நான் ஒருத்தன்தான். எனக்கு அப்போ கால் தரையில பாவல. 2004 ஆகஸ்ட், ஒரு வெள்ளிக்கிழமை, எங்களுக்கு வாரத்துல அந்த ஒரு நாள்தான் லீவு. நாலு பேரை ஏத்திக்கிட்டு, டிக்கில பிரியாணி அண்டாவோட அல் ஐன் போய் ஜெபல் ஹஃபீத் மலை ஏறினேன். கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர் ஒரே ஏத்தம். ஏசி ஃபுல்லு. பாதிக்கு மேல இஞ்சின் கத்துது, வண்டி போகல. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தா அடியில புகை, பொங்கின ஆயில் செவப்பா ரோட்ல ஒழுகுது. கீழ மலையடிவாரத்துல வெந்நீர் ஊத்து இருக்கு, சனம் கால் நனைச்சுக்கிட்டு உக்காந்திருக்கும். மேல என் கியர்பாக்ஸ் கொதிச்சுது.

ரெக்கவரி வண்டி வச்சு 150 கிலோமீட்டர் இழுத்துட்டு வந்து இண்டஸ்ட்ரியல் ஏரியால ஒரு பட்டாணி (பதான்) உஸ்தாத், அதாவது மூத்த மெக்கானிக், கராஜ்ல போட்டேன். அறுபது வயசிருக்கும். ஆயில் வாடையைப் பார்த்ததும் கியர்பாக்ஸைத் தொடவே இல்ல, நேரா ரேடியேட்டர்கிட்ட போய்க் குனிஞ்சார். என்னைக் கையைப் பிடிச்சு இழுத்து அடியில காட்டினார். கியர்பாக்ஸ்லேர்ந்து வந்த ஒரு பைப்பையும் திரும்பிப் போற பைப்பையும் ஒரு சாண் ரப்பர் ஹோஸ் போட்டு அங்கேயே ஒண்ணா இணைச்சிருந்தாங்க. முன்னாடி எங்கயோ அடி வாங்கினப்போ விலை கம்மியான ரேடியேட்டரை மாட்டியிருக்காங்க. உள்ளே ஆயில் கூலரே இல்லாத ரேடியேட்டர். ஆயில் வந்த சூட்டோட அப்படியே திரும்பிப் போயிருக்கு. "ராஸ்தா ஹி பந்த் ஹை"ன்னார். போற வழியே அடைஞ்சிருக்குன்னு.

மத்தவன் வீட்டு ஏசில காத்து போற வழி அடைஞ்சிருக்கான்னு பார்க்கறது என் பொழப்பு. என் வண்டியை ஒரு வருஷமா குனிஞ்சு பார்க்கல. அந்த வருஷம் ஊருக்குப் போக வச்சிருந்த டிக்கெட் காசு ஒரு பழைய கியர்பாக்ஸுக்குப் போச்சு, அம்மாகிட்ட கம்பெனி லீவு தரலன்னு சொன்னேன். உஸ்தாத் வேலை முடிஞ்சதும் ஒரு சுலைமானி (பால் இல்லாத டீ) வாங்கிக் குடுத்து, கூலிய 100 திர்ஹம் குறைச்சுக்கிட்டார். அதுக்கப்புறம் வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு அவர் கராஜைத் திறக்கும்போது நான் போய் உக்காந்துடுவேன். இப்போ உங்களுக்குச் சொன்னதுல பாதி அங்க கத்துக்கிட்டதுதான். என் இப்போதைய வண்டில வெளிக்கூலர் இருக்கு, ப்ராக்கெட் அடிச்சு நானே மாட்டினது.

அன்னிக்கு வண்டில இருந்த நாலு பேர்ல ஒருத்தன் பட்டுக்கோட்டைல ஹார்டுவேர் கடை வச்சிருக்கான். லீவுக்கு ஊருக்குப் போனா இன்னமும் கல்லாவுல உக்காந்தபடியே கேப்பான்: "என்னடா ஏசி மெக்கானிக், ஆயில் ஆறிடுச்சா?"