சென்னையில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் அடிபட்டுக் கிடந்த சாலமாண்டரை எடுத்து வந்தேன். பழுப்பு நிறம், குட்டைக் கால், பளபளப்பான முதுகு. வீட்டிலேயே வளர்க்கலாமா?

சென்னைக் கிணற்றடியில் சாலமாண்டருக்கு வழியே இல்லையே! பல்லி போலிருக்கும் அந்த ஈரத்தோல் இனம் இந்தியாவில் டார்ஜிலிங், சிக்கிம், மணிப்பூர் போன்ற கிழக்கு, வடகிழக்கு மலைப் பக்கம்தான் உண்டு. டார்ஜிலிங் அருகே ஜோர்போக்ரியில் அதற்கென்றே ஒரு குட்டிச் சரணாலயம்கூட இருக்கிறது. பழுப்பு நிறம், குட்டைக் கால், பளபளப்பான முதுகு என்கிறீர்கள். அது நம்ம ஊர் அரணையாகத்தான் இருக்க வேண்டும்.

நானும் ஏமாந்தவன்தான். நங்கநல்லூரில் ஒரு ஐப்பசி மழையன்று, மோட்டார் ரூம் பக்கம் பூனையிடமிருந்து ஒன்றைப் பிடுங்கினேன். பாதி வால் போய்விட்டது; அறுந்த துண்டு தனியாகத் துள்ளிக்கொண்டிருந்தது. நனைந்து மினுமினுத்ததால் சாலமாண்டர் என்றே முடிவு கட்டினேன். யூடியூபில் ஒரு வெள்ளைக்காரர் சொன்னபடி, ஈரமான தேங்காய்நார்த் தூள் போட்ட டப்பாவில் விட்டு, கட்டிலுக்கடியில் இருட்டில் வைத்தேன். இரண்டு நாள் எதையும் தொடவில்லை. கல் மாதிரிக் கிடந்தது.

மூன்றாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் உடம்பெல்லாம் செதில். சாலமாண்டருக்குச் செதிலே கிடையாது. அது தவளைக்கு உறவு. தோல் ஈரமாக இருக்க வேண்டும், வெயில் ஆகாது. அரணையோ ஓணான், பல்லி வகையறா. வெயில் காய்ந்து உடம்பு சூடேறினால்தான் அதற்குத் தின்றது செரிக்கும். அந்த உயிரை நான் இரண்டு நாள் குளிரில் ஊறப் போட்டிருக்கிறேன்!

அப்புறம் காய்ந்த மண், சருகு, ஒரு ஓட்டுத் துண்டு, பாட்டில் மூடியில் தண்ணீர். காலையில் மொட்டை மாடியில் பாதி வெயில், பாதி நிழலாக டப்பாவை வைப்பேன். முழு வெயிலில் வைத்தால் வெந்துவிடும். அன்று மதியமே ஒரு சின்ன வெட்டுக்கிளியை விழுங்கியது. கறையான், குட்டிக் கரப்பானும் தின்னும். மருந்தடித்த கரப்பான் மட்டும் வேண்டாம். சோறு, பால் என்று எதையும் வைக்காதீர்கள்.

"அரணை நக்கினா மரணம்டா, தூக்கிப் போடு" என்று அம்மா தினமும் சொன்னார். பாவம், அதற்கு விஷமே கிடையாது. தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், அது போதும்.

வாலைப் பற்றிக் கவலை வேண்டாம், தானாக முளைக்கும். உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு இருக்கும், நிறமும் கொஞ்சம் மாறும், அவ்வளவுதான். ஆனால் உடம்பில் பூனைப் பல் பட்டிருந்தால் மஞ்சள் பூசிச் சமாளிக்காதீர்கள். சீழ் பிடித்துவிடும், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

வளர்ப்பதா? வேண்டாம். இரை பிடித்து ஓடத் தெம்பு வந்ததும் எடுத்த இடத்துக்குப் பக்கத்திலேயே விடுங்கள். நான் ஒன்பதாம் நாள் செம்பருத்திச் செடியடியில் விட்டேன். அதற்கு முன் மதில்மேல் ஒரு கண் வையுங்கள்; எங்கள் பூனை அங்கேதான் உட்கார்ந்திருந்தது.