தாய்த் தெய்வமா, பெண் உருவமா?

கேள்வி: சிந்துவெளிச் சுடுமண் பெண் உருவங்களைப் பாடநூல்கள் ‘தாய்த் தெய்வம்’ என்றே குறிப்பிடுகின்றன. அன்றைய மக்கள் அவற்றை வணங்கினார்கள் என்பதற்குச் சான்று உண்டா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: நேரடிச் சான்று இல்லை. 1931இல் வெளியான மொகஞ்சதாரோ அகழாய்வு அறிக்கையில், மேற்காசியத் தாய் வழிபாட்டையும் இந்தியக் கிராமத் தெய்வங்களையும் ஒப்பிட்டு, சர் ஜான் மார்ஷல் இக்கருத்தை முன்வைத்தார். எழுத்துகள் இன்னும் படிக்கப்படாமலும், கோயில் என்று ஐயமின்றிச் சொல்லத்தக்க கட்டடம் எதுவும் கிடைக்காமலும் இருக்கும் நிலையில், ஓர் அறிஞரின் ஊகத்தை முடிந்த முடிபாக மாணவர்களுக்குக் கற்பிப்பது சரியன்று என்பதே என் கருத்து.

உருவங்களையே பார்ப்போம். இவை அச்சில் வார்க்கப்பட்டவை அல்ல; கையால் பிடிக்கப்பட்டவை. மூக்கைக் களிமண்ணிலேயே கிள்ளி எடுத்து, கண்களுக்குச் சிறு மண் உருண்டைகளை ஒட்டி, கழுத்தணிகளையும் இடைப்பட்டையையும் தனித்தனியாகச் சேர்த்திருக்கிறார்கள். சிலவற்றில் விசிறி போல விரிந்த தலையணியின் இருபுறமும் கிண்ணம் போன்ற குழிவுகள் உள்ளன. அவற்றுள் சிலவற்றில் காணப்பட்ட கரிய படிவு, எண்ணெய் விளக்காகவோ நறும்புகை இடவோ அவை பயன்பட்டிருக்கலாம் என்று எண்ண வைக்கிறது. சடங்குப் பயன்பாட்டுக்கு இருப்பவற்றுள் வலுவான குறிப்பு இதுதான்.

ஆனால் பெரும்பாலானவை உடைந்த நிலையில், குப்பையிலும் நிரப்பு மண்ணிலும் கிடைத்தவை. அதனாலேயே அவை புனிதமற்றவை என்றும் சொல்லிவிட முடியாது. சதுர்த்தி முடிந்ததும் களிமண் பிள்ளையாரை நாம் நீரில் கரைத்துவிடுவதைப் போல, சடங்கு முடிந்ததும் கழிக்கப்பட்டவையாகவும் அவை இருக்கலாம். குழந்தையை ஏந்திய பெண், மாவு பிசையும் பெண் என்று பல வகை உருவங்கள் இருப்பதால், எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் பொருந்தாது. மேலும், ஹரப்பாவிலும் மொகஞ்சதாரோவிலும் மிகுதியாகக் கிடைக்கும் இவை லோத்தலிலும் காலிபங்கனிலும் அரிதாகவே காணப்படுவதால், நாகரிகம் முழுவதற்கும் பொதுவான ஒரே தெய்வம் என்ற கருத்தை ஏற்பது கடினம்.

இந்த மரபின் வேர் பலுச்சிஸ்தானத்து மெஹர்கரில் இருக்கிறது. 1974 முதல் ழான் பிரான்சுவா ஜாரிஜ் தலைமையிலான பிரெஞ்சுக் குழுவினர் அகழ்ந்த அவ்வூரில், மிகப் பழைய உருவங்கள் சுடாத களிமண்ணால் ஆன எளிய வடிவங்களே. சிந்துவெளி நகரங்கள் எழுவதற்குச் சற்று முந்தைய காலத்தில்தான் விரிவான கூந்தல் அலங்காரங்கள் வருகின்றன. அதே காலத்தில் தலைப்பாகை அணிந்த ஆண் உருவங்களும் அங்கே கணிசமாகத் தோன்றுகின்றன. அவற்றைத் ‘தந்தைத் தெய்வம்’ என்று எவரும் வழங்கவில்லை.