கொழும்பு வெயிலில் வீட்டுக் கோழிகள் வாயைத் திறந்து இளைக்கின்றன. முட்டை ஓடும் மெல்லியதாக வருகிறது. கூட்டைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டலாமா?

கட்டாதீர்கள். கட்டியே தீருவேன் என்றால் ஒரு பக்கம் மட்டும் கட்டுங்கள். நாலு பக்கமும் கட்டி மூன்று பேட்டுக் கோழிகளைச் சாகக் கொடுத்தவள் நான். உங்கள் கேள்வியில் 'ஈரச் சாக்கு' என்று கண்டதும் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உங்கள் வீடும் எங்கள் வீடு மாதிரித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சின்னப் பின்வளவு, மதிலோரமாகத் தகரம் போட்ட கூடு, நாலைந்து சிவப்பு லேயர் (முட்டைக் கோழி). நாங்கள் வெள்ளவத்தையில் காலி வீதிக்குக் கடல் பக்கம் இருக்கிறோம். 2020 ஊரடங்கில், முட்டைக்காக வெளியே போகப் பயந்து ஆறு பேடுகள் வாங்கினோம். இரண்டு வருடம் ஒரு குறையும் இல்லை.

2022 மார்ச் கடைசி ஞாபகம் இருக்கும். ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை என்று அறிவித்த நேரம். அதுவரை மத்தியானத்தில் கூட்டுக்கு முன்னால் ஒரு பழைய ஸ்டாண்ட் ஃபேனை வைப்பேன். அதுவும் நின்றுவிட்டது. சரி, ஊரில் அம்மா செய்தது தெரியும்தானே என்று நாலு சணல் சாக்கை விரித்துத் தைத்து, நனைத்து, கூட்டைச் சுற்றித் திரை மாதிரிக் கட்டினேன். உள்ளே இருட்டாகவும் குளிர்ச்சியாகவும் இருந்தது. கையை விட்டுப் பார்த்து எனக்கே ஒரு பெருமை. பிறகு காஸ் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வரிசைக்குப் போனேன்.

திரும்பி வரும்போது இரண்டரை மணி. காஸும் கிடைக்கவில்லை. சாக்கை விலக்கினால் உள்ளேயிருந்து ஆவி மாதிரி ஒரு சூடு முகத்தில் அடித்தது, கோழி எச்சத்தின் காரத்தோடு. மூன்று பேடுகள் செட்டையை உடம்பிலிருந்து அகட்டி, கழுத்தை நிலத்தில் நீட்டி, கொண்டை கறுத்துக் கிடந்தன. மற்ற மூன்றும் வாசல் கம்பிவலையில் சொண்டை வைத்துக்கொண்டு நின்றன. அந்த இடத்தில்தான் சாக்குக்கும் கட்டைக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தது.

அழுதுகொண்டே சாக்கை அவிழ்க்கும்போது ஒன்றைக் கவனித்தேன். காலையில் நனைத்த சாக்கு அப்போதும் சொட்டச் சொட்ட ஈரமாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் எங்கள் வடமராட்சியில், ஆடி மாதச் சோளகக் காற்றில், ஒரு மணித்தியாலத்தில் சாக்கு முறுகக் காய்ந்துவிடும். அம்மா திரும்பத் திரும்பத் தண்ணீர் தெளிப்பா. தண்ணீர் ஆவியாகப் போகும்போதுதான் சூட்டையும் இழுத்துக்கொண்டு போகும். காயாத சாக்கு எதைக் குளிர்விக்கும்? கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிறது. பங்குனி, சித்திரையில் பருவக்காற்றும் இல்லை. நான் செய்தது, கொஞ்சமாக வந்த காற்றையும் மறித்து, ஆறு கோழிகளைப் பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டிக்குள் வைத்து மூடியதுதான்.

பாரம்பரிய முறையைக் குறை சொல்கிறாள் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். அம்மா செய்தது அந்த மண்ணுக்கும் அந்தக் காற்றுக்கும் சரி. நான்தான் சாக்கை எடுத்துக்கொண்டு காற்றை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். அப்புறம், நான் மிருக வைத்தியரும் இல்லை.

கோழிக்கு வியர்வை கிடையாது. அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 பாகைக்கு மேல். வாயைத் திறந்து இளைத்து, தொண்டையில் உள்ள ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியே தள்ளும். சுற்றியுள்ள காற்று ஈரமாக இருந்தால் எவ்வளவு இளைத்தும் பலன் குறைவு. அதனால் கொழும்பில் தண்ணீர் தெளிப்பதைவிடக் காற்று ஓடுவதுதான் முக்கியம். உங்கள் கூட்டில் பலகை அடித்த பக்கங்கள் இருந்தால் கழற்றிவிட்டுக் கம்பிவலை அடியுங்கள். கோழி படுக்கும் உயரத்திலேயே காற்று வர வேண்டும். மரநாய்க்கும் கீரிக்கும் பயந்து இரவில் பலகை போட்டு மூடுகிறவர்கள் இருக்கிறார்கள். இங்கே இரவிலும் புழுக்கம் விடாது. சின்னக் கண் உள்ள தடித்த வலையாகப் பார்த்து வாங்கி, திறந்தபடியே விடுங்கள்.

கூரைக்கு வருவோம். ஏப்ரல் முதல் கிழமை கடக்கும்போது சூரியன் கொழும்புக்கு நேர் உச்சியில் நிற்கும். மதில் நிழல் இருக்கிறதே என்று நம்பி மதிலோரம் கூடு கட்டுவோம், ஆனால் பன்னிரண்டு மணிக்கு மதிலுக்கு நிழலே இருக்காது. தகரத்துக்குக் கீழே கையை வைத்துப் பாருங்கள், தோசைக்கல் மாதிரி இருக்கும். நாங்கள் தகரத்துக்கு மேல் ஒரு முழம் இடைவெளி விட்டுத் தடி கட்டி, அதற்கு மேல் இரண்டு அடுக்குக் கிடுகு போட்டிருக்கிறோம். கிடுகைத் தகரத்தோடு ஒட்டிப் போடாதீர்கள், இடையில் காற்று ஓட வேண்டும். வத்தளை தாண்டிப் போய்க் கிடுகு வாங்கி வந்தபோது 'கொழும்பில இருந்துகொண்டு கொட்டில் போடுறீரோ' என்று இவர் சிரித்தார். இப்போது மத்தியானத்தில் இவரே அதற்குக் கீழே கதிரை போட்டுப் பேப்பர் வாசிக்கிறார்.

காற்று என்று சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்களுக்கு மேற்கே, கடற்காற்று வரும் பக்கம், ஒன்பது மாடியில் ஒரு ஃபிளாட் கட்டினார்கள். கடற்காற்று அன்றோடு சரி. அதுவும் போதாதென்று கீழ் மாடி ஏசியின் வெளிப்பெட்டியை எங்கள் பின்வளவைப் பார்த்துப் பூட்டியிருக்கிறார்கள். அவர்கள் குளிர, அந்தச் சூடு என் கோழிகளுக்கு. திருப்பி வையுங்கள் என்று கேட்கப் போனால் 'அன்ரி, கோழி மணக்குது' என்று எனக்கே முறைப்பாடு.      2023இல் முட்டைக்குத் தட்டுப்பாடு வந்து இந்தியாவிலிருந்து இறக்கினார்களே, அப்போது இதே ஆட்கள்தான் கிண்ணத்தோடு வந்து பத்து முட்டை கிடைக்குமா என்று நின்றார்கள். கொடுத்தேன், கிண்ணம்தான் இன்னும் என்னிடம் இருக்கிறது.

சரி, தண்ணீர். பிளாஸ்டிக் பாத்திரத்தில் வைத்தால் பத்து மணிக்கே வெந்நீர். எருமைத் தயிர் வாங்கும் மண்சட்டிகளைக் கழுவி வையுங்கள். சட்டி கசிந்து தண்ணீரைக் கொஞ்சம் குளிர்ச்சியாக வைத்திருக்கும். குறைந்தது இரண்டு சட்டி, தள்ளித் தள்ளி, நிழலில். ஒரே சட்டி என்றால் கூட்டத்தில் பெரியவள் ஒருத்தி நின்றுகொண்டு மற்றவர்களை விடமாட்டாள். ஒரு லேயர் சாதாரண நாளில் கால் லீட்டர் அளவு குடிக்கும், வெயிலில் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேலும் போகும். மிகவும் புழுங்கும் நாட்களில் ஒரு சட்டியில் மட்டும் ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத் தூள்) கரைத்து வைப்பேன், மத்தியானம் சில மணித்தியாலம் மட்டும். மற்றதில் வெறும் தண்ணீர்.

தீனை விடிய ஆறு மணிக்கும், வெயில் தாழ்ந்த பிறகும் போடுங்கள். இரை செமிக்கும்போது உடம்பு சூடேறும், ஆகவே மத்தியானத்தில் தீன் பாத்திரத்தை எடுத்துவிடுவது நல்லது. அந்த நேரத்தில் பிரிட்ஜில் வைத்த வெள்ளரிக்காய்த் துண்டோ வத்தகப்பழத் தோலோ போதும். கூட்டின் தரையில் மரத்தூளைத் தடிப்பாகப் போட்டிருந்தால் அள்ளிக் குறையுங்கள், எச்சத்தோடு சேர்ந்து புழுங்கி அதுவும் சூடு விடும். நிழலில் ஒரு மூலையில் மணலைக் கொத்தி, லேசாக நனைத்து விடுங்கள். வயிற்றை அமர்த்திப் படுத்துக்கொள்ளும்.

முட்டை ஓடு மெல்லியதாக வருகிறது என்றும் எழுதியிருந்தீர்கள். அதுவும் இளைப்பதால்தான். இளைக்கும்போது கரியமில வாயு அதிகமாக வெளியே போய்விடும், ஓடு கட்டுவதற்கு அது வேண்டும். சிப்பித் தூள் தனியாக வையுங்கள், ஆனால் சூடு குறையாமல் சிப்பி மட்டும் போட்டு முழுதாகச் சரிவராது.

ஒன்று விழுந்து கிடந்தால் பதறித் துரத்திப் பிடிக்காதீர்கள். மெதுவாகத் தூக்கி, வாளியில் சாதாரண பைப் தண்ணீர் நிரப்பி, காலும் வயிறும் நனைய இறக்குங்கள். தலை வெளியே இருக்கட்டும், ஐஸ் தண்ணீர் வேண்டாம். செட்டைக்குக் கீழேயும் கையால் தண்ணீர் விட்டு, பிறகு காற்று அடிக்கும் இடத்தில் வையுங்கள். அன்றைக்கு மிஞ்சிய மூன்றில் ஒருத்தியை அப்படித்தான் காப்பாற்றினேன். செத்தவற்றைக் கறி வைத்திருக்கலாமே என்று இங்கே யாராவது எழுதப் போகிறீர்கள். உங்களுக்கு முன்னாலேயே எங்கள் ஒழுங்கையில் இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். தேசிக்காய் மரத்தடியில் புதைத்தேன்.

உங்கள் கூட்டின் வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது, மேற்கே என்ன கட்டடம் என்று எழுதுங்கள். போட்டோ போட்டால் இன்னும் நல்லது, எந்தப் பலகையை முதலில் கழற்றுவது என்று பார்த்துச் சொல்கிறேன்.