டூட்டி பட்டியலில் ஆராய்ச்சிக்கும் ஒரு நாள்: வாசகர் கேள்வி – பதில்

மயக்கவியல் பயிற்சியையும் பகுதிநேர ஆராய்ச்சியையும் ஒன்றாகக் கொண்டுபோவது பற்றிப் கேரள எல்லையோர வாசகர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

மயக்கவியலில் எம்.டி. முதலாண்டு படிக்கிறேன். துறையில் ஓர் ஆராய்ச்சித் திட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. "வாரத்துக்குச் சில மணி நேரம் பகுதிநேர ஃபெலோவாக வந்துவிடு" என்கிறார்கள். படிப்பு கெடாமல் இரண்டையும் செய்ய முடியுமா?
– மருத்துவர், கொழிஞ்சாம்பாறை

செய்யலாம், ஆனால் "ஃபெலோ" என்ற தனி நியமனமாக வேண்டாம். 2023-ஆம் ஆண்டு முதுநிலை மருத்துவக் கல்வி விதிமுறைப்படி பி.ஜி. மாணவர் முழுநேர ரெசிடென்ட், அதாவது மருத்துவமனையில் பணி செய்தபடியே படிப்பவர். இன்னொரு நியமன ஆணையும் இன்னொரு சம்பளமும் பின்னால் சிக்கலைக் கொண்டுவரும். எம்.டி.யோடு பிஎச்.டி.யையும் பதிவு செய்துகொள்ளலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-இல் யு.ஜி.சி. கொடுத்த அனுமதி பிஎச்.டி.க்குப் பொருந்தாது. உங்களுக்குத் தீசிஸ் எப்படியும் கட்டாயம். அந்தத் திட்டத்திலிருந்து ஒரு சிறு கேள்வியைப் பிரித்து அதையே தீசிஸாக்கிக்கொள்ளுங்கள். அப்போது ஆராய்ச்சிக்குச் செலவிடும் ஒவ்வொரு மணியும் படிப்புக் கணக்கிலேயே சேரும்.

அடுத்து, "சில மணி நேரம்" என்ற பேச்சை ஒப்புக்கொள்ளாதீர்கள். ஓ.டி. (அறுவை அரங்கு) லிஸ்ட் நீளும்போது முதலில் பறிபோவது அந்தச் சில மணி நேரம்தான். தாளில் ஒரு மணிக்கு முடியும் லிஸ்ட் மூன்றரைக்கு முடியும். பிறகு ரெக்கவரியில் நோயாளியை ஒப்படைக்க வேண்டும். மதியம் போயே போய்விடும். இரண்டு அரை நாள் சேர்ந்து ஒரு நாளாகாது. முழு நாளாகக் கேளுங்கள். மாதாந்திர டூட்டி பட்டியலில் அந்த நாளுக்கு எதிரே "ஆராய்ச்சி" என்றும், அவசர கேஸ் வந்தால் யார் போவார் என்று இன்னொருவர் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இரண்டாவது பெயர் இல்லாவிட்டால் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். இரவு டூட்டிக்கு மறுநாளை ஆராய்ச்சி நாளாகத் தந்தால் மறுத்துவிடுங்கள். அது தூங்க வேண்டிய நாள். தூக்கக் கலக்கத்தில் ஏற்றிய எண்களைத் திரும்பச் சரிபார்க்க இரண்டு மடங்கு நேரம் பிடிக்கும்.

வாரம் ஒரு நாள் என்றால் வருடத்துக்கு 52. விடுப்பு, மாநாடு, தேர்வு, ஆள் பற்றாக்குறை எல்லாம் கழித்தால் 35 நாள் மிஞ்சும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். மூன்றாவது முதல் ஐந்தாவது செமஸ்டருக்குள் மூன்று மாத மாவட்ட மருத்துவமனைப் பணி வேறு உண்டு. அந்த மூன்று மாதமும் நோயாளி சேர்ப்பு நின்றுவிடும். தேதியை முன்கூட்டியே கேட்டு வாங்கி, அந்த நாட்களை டேட்டா சரிபார்க்கவும் செய்முறை அத்தியாயம் எழுதவும் ஒதுக்கிவிடுங்கள்.

முதல் ஆறு மாதம் டேட்டா எடுக்கவே வேண்டாம். ஸ்பைனலும் (முதுகில் ஊசி போட்டு மரக்கவைப்பது) இன்டியுபேஷனும் (மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது) உங்கள் கைக்குப் படியட்டும். கை பழகாத நாளில் போட்ட ஸ்பைனலின் தோல்வியும் தாமதமும் மருந்தின் குணமாகவே முடிவில் பதிவாகிவிடும். அந்த ஆறு மாதத்தில் புரோட்டோகால் (ஆய்வுத் திட்டம்) எழுதுங்கள். கட்டாயமான ஆராய்ச்சி முறை ஆன்லைன் படிப்பையும் முதல் செமஸ்டருக்குள் முடித்துவிடுங்கள்.

"நூறு பேர் எடு" என்கிறார் கைடு. அந்த நூறு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தயக்கம்.
– பி.ஜி. மாணவர், மீனாட்சிபுரம்

கேளுங்கள். ஆய்வுக்கு அனுமதி தரும் எதிக்ஸ் கமிட்டியும் அதையேதான் கேட்கப் போகிறது. இரண்டு குழுவின் சராசரியை ஒப்பிடும் ஆய்வுக்கு ஒரு குறுக்குக் கணக்கு இருக்கிறது. திட்ட விலக்கத்தை (அளவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பது), நீங்கள் கண்டுபிடிக்க விரும்பும் வித்தியாசத்தால் வகுத்து, வந்ததை வர்க்கமாக்கி, 16-ஆல் பெருக்குங்கள். 80 சதவீத பவர் (இருக்கும் வித்தியாசத்தைக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீத பிழை வாய்ப்பு (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லிவிடும் வாய்ப்பு) என்ற வழக்கமான அளவுக்கு ஒரு குழுவில் எத்தனை பேர் வேண்டும் என்று தெரிந்துவிடும். வலி நிவாரண நேரத்தின் திட்ட விலக்கம் 60 நிமிடம், நீங்கள் எதிர்பார்க்கும் வித்தியாசம் 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 40-ஆல் வகுத்தால் 1.5, அதன் வர்க்கம் 2.25, பதினாறால் பெருக்கினால் 36. பத்து சதவீதம் விலகுவார்கள் என்று கொண்டால் ஒரு குழுவுக்கு 40, மொத்தம் 80. புள்ளியியலாளரிடம் இந்தத் தாளோடு போனால் பேச்சு சுருக்கமாக முடியும்.

அந்த 80 பேரும் உங்கள் ஓ.டி.க்கு வருவார்களா என்பதுதான் உண்மையான கேள்வி. கடந்த மூன்று மாத ஓ.டி. ரிஜிஸ்டரை எடுத்து, உங்கள் நிபந்தனைக்குள் வருபவர்களை ஒவ்வொருவராக எண்ணுங்கள். வாரம் ஆறு பேர் தேறினால் மூன்று என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆய்வு தொடங்கிய அன்றே தகுதியான நோயாளிகள் குறைந்துவிடுவார்கள் என்பதற்கு லசாக்னா விதி என்றே பெயர் உண்டு. ஒருவர் சம்மதிக்க மாட்டார், ஒருவருக்கு அறுவை தள்ளிப்போகும், ஒருவர் வரும் நாளில் நீங்கள் பிரசவ அறையில் நிற்பீர்கள். வாரம் மூன்று பேர் என்றால் 80 பேருக்கு 27 வாரம். ஆராய்ச்சி நாளைத் தேர்ந்தெடுக்கும்போதே, உங்களுக்கு வேண்டிய அறுவைகள் நடக்கும் நாளாகப் பார்த்துக் கேளுங்கள். எலும்பு அறுவை லிஸ்ட் செவ்வாய் என்றால் வியாழக்கிழமையை வாங்கி என்ன செய்வது?

எதை அளக்கிறீர்கள் என்பதையும் யோசியுங்கள். "முதல் வலி மருந்து கேட்கும் வரை எவ்வளவு நேரம்" என்பது எல்லோரும் எடுக்கும் அளவு. பகுதிநேரமாகச் செய்பவர் சறுக்குவதும் அங்கேதான். இரவு இரண்டு மணிக்கு வார்டில் யார் கேட்டுக் குறிப்பார்கள்? பத்து மணிக்கு எல்லோருக்கும் வழக்கமாக பாராசிட்டமால் போகும் வார்டில், மருந்து எதுவானாலும் முடிவு நேரம் பத்து மணியிலேயே குவியும். அதைவிட ஓ.டி.க்குள்ளேயே முடியும் அளவு நல்லது: சிசேரியனில் ஸ்பைனலுக்குப் பின் முதல் 15 நிமிட பி.பி. போல. அதற்கும் மானிட்டரில் கஃப் பி.பி. எடுக்கும் இடைவெளியை ஒரு நிமிடத்துக்கு மாற்ற வேண்டும். ஐந்து நிமிடத்தில் விட்டிருந்தால் பி.பி. சரிந்து மீண்டதே தெரியாது. ஒவ்வொரு கேஸுக்கும் முன் மானிட்டர் கடிகாரத்தையும் சுவர்க் கடிகாரத்தையும் ஒப்பிட்டு வித்தியாசத்தைத் தாளின் தலையில் எழுதுங்கள். ஸ்பைனல் போட்ட நேரம் சுவரைப் பார்த்து எழுதியது, பி.பி. நேரம் மானிட்டர் கொடுத்தது. இரண்டுக்கும் ஏழு நிமிட இடைவெளி இருந்தால் மருந்து போடும் முன்பே பி.பி. விழுந்ததாகக் காட்டும்.

சி.டி.ஆர்.ஐ.யில் (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு செய்யாமல் 11 நோயாளிகளைச் சேர்த்துவிட்டேன். இப்போது பதிவு செய்யலாமா?
– சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதிவு செய்யுங்கள், ஆனால் அந்த 11 பேரை ஆய்வுக் கணக்கில் சேர்க்க முடியாது. 2018 ஏப்ரல் 1 முதல் முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் செய்யும் பதிவு மட்டுமே ஏற்கப்படுகிறது. சேர்ப்பு தொடங்கிய தேதியை மாற்றி எழுதிவிடலாம் என்று யாராவது சொன்னால் காது கொடுக்காதீர்கள். அது பொய்ப் பதிவு. எதிக்ஸ் கமிட்டிக்கு நடந்ததை எழுத்தில் தெரிவித்து, அவர்கள் சொல்படி பதிவு எண் வந்த பிறகு ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எதிக்ஸ் அனுமதிக் கடிதத்தையும் பதிவில் ஏற்ற வேண்டியிருப்பதால், கடிதம் கைக்கு வந்த அன்றே அந்த வேலையில் இறங்குங்கள்.

எங்கள் பக்கத்து நோயாளிகள் வீட்டில் தமிழ் பேசுவார்கள், பள்ளியில் படித்தது மலையாளம். சம்மதப் படிவம் எந்த மொழியில் இருக்க வேண்டும்?
– வேலந்தாவளம்

இரண்டிலும் வேண்டும். படிப்பதற்கு ஒன்று, விளக்கிச் சொல்ல ஒன்று. படிவத்தை எந்த மொழியில் கொடுத்தீர்கள், எந்த மொழியில் விளக்கினீர்கள் என்று குறிப்பில் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டு மொழிப் படிவத்துக்கும் எதிக்ஸ் கமிட்டி அனுமதி தேவை. மொழிபெயர்த்தவர் அல்லாத வேறொருவரைக் கொண்டு ஆங்கிலத்துக்குத் திருப்பி எழுத வைத்து ஒப்பிடுங்கள்.

இதில் அவசரப்படாதீர்கள், ஏனென்றால் இரண்டு மொழிக்கும் பொதுவான சொற்களே இங்கே கண்ணி வைக்கின்றன. தமிழில் "மயக்க மருந்து" என்பது நம் தொழிலின் பெயர். மலையாளத்தில் "மயக்குமருந்நு" என்றால் போதைப்பொருள். படிவத்தில் அப்படி வந்தால் நோயாளி மிரண்டுபோவார்; அனஸ்தீசியா என்றே எழுதுங்கள். "மயக்கமாக இருக்கிறதா?" என்று கேட்டால் தமிழில் பழகியவர் தலைசுற்றலைச் சொல்வார், மலையாளத்தில் பழகியவர் தூக்கக் கலக்கத்தைச் சொல்வார். உங்கள் அட்டவணையில் அவை இரண்டு வெவ்வேறு பக்கவிளைவு. "வலி எவ்வளவு?" என்பதை மலையாளத்தில் "வேதன எத்ர?" என்றுதான் கேட்க வேண்டும். அங்கே "வலிவு" ஆஸ்துமாவைக் குறிக்கும். தமிழில் "வேதனை" என்று கேட்டால் மனக்கஷ்டத்தைச் சொல்லத் தொடங்குவார்கள். குமட்டலுக்கு "ஓக்கானம்". இந்த நான்கைந்து கேள்வியையும் இரண்டு மொழியிலும் அட்டையில் அச்சிட்டு, வார்டு நர்ஸ் எல்லோரும் அதைப் பார்த்தே கேட்கும்படி செய்யுங்கள்.

எழுதப் படிக்கத் தெரியாதவர் என்றால் ஆய்வில் சம்பந்தமில்லாத சாட்சி உடன் இருந்து கையெழுத்திட வேண்டும். சம்மதம் வாங்கும் நேரம் முந்தின நாள் மாலை, மயக்கவியல் பரிசோதனையின்போது. ஓ.டி. வாசலில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர் எதற்கும் தலையாட்டுவார். அதைச் சம்மதம் என்று எண்ணக் கூடாது.

ஸ்பைனலில் மரக்கவைக்கும் புபிவகெய்னோடு, அதன் விளைவை நீட்டிக்க 5 மைக்ரோகிராம் டெக்ஸ்மெடிடோமிடின் சேர்க்கும் ஆய்வு. சில நோயாளிகளுக்கு மட்டும் நாடித்துடிப்பு அளவுக்கு மீறி இறங்கியது, தூக்கமும் அதிகம். மருந்து ஒரே கம்பெனி. என்ன காரணம்?
– குமுளி

முதலில் சேர்ப்பை நிறுத்துங்கள். ஸ்பைனலே நாடியை இறக்கும், இந்த மருந்தும் இறக்கும். ஆனால் "சில பேருக்கு மட்டும்" என்றால் முதலில் சிரிஞ்சைப் பாருங்கள். ஆம்பூலில் ஒரு மில்லிக்கு 100 மைக்ரோகிராம். உங்களுக்கு வேண்டிய 5 மைக்ரோகிராம் வெறும் 0.05 மில்லி. அதை இன்சுலின் சிரிஞ்சில் எடுப்பது பல இடங்களில் வழக்கம். ஆரஞ்சு மூடி, மில்லிக்கு 100 யூனிட் சிரிஞ்சில் ஐந்து யூனிட் என்றால் 0.05 மில்லி, அளவு சரி. சிவப்பு மூடி, மில்லிக்கு 40 யூனிட் சிரிஞ்சில் அதே ஐந்து யூனிட் 0.125 மில்லி, அதாவது 12.5 மைக்ரோகிராம். இரண்டரை மடங்கு. இரண்டு வகையும் ஒரே டிராயரில் கிடந்தால் யார் கையில் எது வரும் என்று சொல்ல முடியாது.

இப்படி மாற்றுங்கள்: பிரிசர்வேட்டிவ் இல்லாத ஆம்பூலின் ஒரு மில்லியை, பிரிசர்வேட்டிவ் இல்லாத 9 மில்லி சலைனோடு ஸ்டெரைலாகக் கலந்தால் மில்லிக்கு 10 மைக்ரோகிராம். அதிலிருந்து ஒரு மில்லி சிரிஞ்சில் 0.5 மில்லி எடுத்தால் 5 மைக்ரோகிராம். கண்ணுக்குத் தெரியும் அளவு, இன்னொருவர் பார்த்து உறுதி சொல்லக்கூடிய அளவு. கன்ட்ரோல் குழுவுக்கும் (இந்த மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழு) அதே 0.5 மில்லி சலைன் சேர்த்தால்தான் மொத்த அளவு ஒன்றாக இருக்கும். தயாரிப்பவர் ஒருவர், போடுபவரும் குறிப்பவரும் வேறு. தயாரித்தவர் பெயர், நேரம், சிரிஞ்ச் வகை தாளில் இருக்கட்டும். பாதிப்பு மோசமானதாக இருந்தால் 24 மணி நேரத்துக்குள் எதிக்ஸ் கமிட்டிக்குப் போக வேண்டும். இந்த முறை மாற்றமும் அவர்கள் அனுமதித்த பிறகே நடைமுறைக்கு வர வேண்டும்.

மகள் இங்கிலாந்தில் மயக்கவியல் பயிற்சியில் இருக்கிறாள். அகடமிக் கிளினிக்கல் ஃபெலோ என்று ஒன்று கிடைத்திருக்கிறதாம். பயிற்சி தள்ளிப்போகுமோ என்று அவள் அப்பாவுக்குக் கவலை.
– ஒரு தாய், கொல்லங்கோடு

நல்ல இடம்தான் அம்மா, கவலை வேண்டாம். அங்கே நேரத்தில் முக்கால் பங்கு மருத்துவப் பயிற்சிக்கும் கால் பங்கு ஆராய்ச்சிக்கும் எழுத்திலேயே ஒதுக்கப்பட்டிருக்கும். மூன்று வருடத்தில் ஆராய்ச்சிக்கு ஒன்பது மாதம். ஆனால் முழுநேரப் பயிற்சியாளர் காட்ட வேண்டிய திறமைகளை உங்கள் மகள் முக்கால் நேரத்தில் காட்ட வேண்டும், எஃப்.ஆர்.சி.ஏ. (அந்நாட்டு மயக்கவியல் தகுதி) முதல்நிலைத் தேர்வும் இடையில் வரும். ஆராய்ச்சி மாதங்களும் தேர்வு மாதமும் மோதாமல் முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளரோடு உட்கார்ந்து தேதி போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு பிஎச்.டி. செய்ய விரும்பினால் பயிற்சியிலிருந்து அனுமதியோடு வெளியே போய்த் திரும்ப வழி இருக்கிறது. அப்போதுதான் பயிற்சி முடியும் தேதி தள்ளிப்போகும்.

எம்.டி. முடித்து கோவையில் வேலை, வீடு பாலக்காட்டில். பகுதிநேர பிஎச்.டி. சரிவருமா?
– கஞ்சிக்கோடு

சரிவரும். 2022 யு.ஜி.சி. விதிமுறை பகுதிநேர பிஎச்.டி.யை அனுமதிக்கிறது. மருத்துவமனை தரும் தடையில்லாச் சான்றில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: பகுதிநேரமாகப் படிக்க அனுமதி, பணிக்கிடையே ஆராய்ச்சிக்குப் போதிய நேரம் கிடைக்கும் என்ற உறுதி, தேவைப்பட்டால் பாட வகுப்புக்காகப் பணியிலிருந்து விடுவிப்பு. "ஆட்சேபணை இல்லை" என்ற ஒற்றை வரிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு வராதீர்கள். பாட வகுப்பு குறைந்தது 12 கிரெடிட். படிப்புக் காலம் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு. அதற்கு மேல் இரண்டு வருடம் வரை நீட்டிப்பு கிடைக்கலாம், பெண்களுக்கு இன்னும் இரண்டு வருடம் சலுகை உண்டு. கைடு இருக்கும் ஊர் நீங்கள் போய்வரும் வழிக்கு எந்தப் பக்கம் என்று பார்த்துச் சேருங்கள்.

இரவு டூட்டி முடிந்த காலையில் வாளையார் வழியாக நீங்களே வண்டி ஓட்டி வர வேண்டாம். ஓய்வறையில் தூங்கி எழுந்து வாருங்கள், இல்லையென்றால் ரயிலில் வாருங்கள். லேப்டாப்பை அன்று திறக்க வேண்டாம்.